நாறிய மோட்டார்

வள்ளிநாயகியின் மூக்கு பொல்லாத மூக்கு. சிராங்கூன் சாலையில் எந்தக் கடையில் நேற்றைய எண்ணெயில் இன்றைக்கு வடை போடுகிறார்கள் என்பதைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். எருமைத் தொழுவங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இப்படியொரு மூக்கை வைத்திருப்பது பெரிய தண்டனைதான். அவள் அதைத் தண்டனையாக நினைத்ததில்லை. நல்ல குடியில் பிறந்தவர்களுக்குத்தான் நாற்றம் தெரியும், மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தபோது மற்ற சாமான்களோடு இந்த எண்ணத்தையும் உடையாமல் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

அவள் கணவர் அம்பிகைபாகன் ரப்பர் தரகுக் கம்பெனி ஒன்றில் தலைமைக் கிராணி; குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். அந்த வருஷம் ரப்பர் விலை மளமளவென்று ஏறியது. துரைமார் கையில் காசு புரண்டது. கொஞ்சம் கிராணிமார் பக்கமும் சிந்தியது. அவர் ஊரில் வயல் வாங்கிப் போடுவார் என்று உறவுக்காரர்கள் நினைத்திருக்க, ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிக் கழித்த அமெரிக்க மோட்டாரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். நாலு பக்கமும் கண்ணாடி வைத்து மூடிய வண்டி. அதை ஓட்ட நாகப்பட்டினத்து ஜமால் முகம்மது வந்து சேர்ந்தான். சம்பளத்தோடு மோட்டார்க் கொட்டகைக்கு மேலே ஓர் அறையும் உண்டு. அந்த அறையை நம்பித்தான் அவன் மனைவி சம்சுன்னிசாவையும் கைக்குழந்தையையும் ஊரிலிருந்து வரவழைத்திருந்தான்.

கொஞ்ச காலம் வண்டி அழகாக ஓடியது. பிறகு நாறத் தொடங்கியது.

முதலில் புளித்த மோர் வாடைதான் இலேசாக வந்தது. அது நாளாக நாளாகத் தடித்தது. அடிபிடித்த பாலும், ஊறிக் கெட்ட தேங்காயும், மழையில் நனைந்த சாம்பலும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கின் வழியே ஏறித் தொண்டையில் போய்க் குந்திக்கொள்ளும். பெட்ரோல் வாசனையென்றால் அவள் பொறுத்திருப்பாள்; அது பணக்கார வாசனை. இது அப்படியில்லை. வண்டி சூடேறச் சூடேற நாற்றமும் ஏறியது. கண்ணாடியை இறக்கினால் தெருப் புழுதி, ஏற்றினால் குடல் புரட்டல். கோயிலுக்குப் போகிற வழியில் அவள் எத்தனையோ தடவை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காறித் துப்பவும் முடியாது. தலைமைக் கிராணியார் மனைவி மோட்டாரிலிருந்து துப்பினாள் என்று ஊர் சிரிக்கும்.

காரணம் என்ன என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. கருவாடு. வேறென்ன? வீட்டில் மீன், மச்ச வாடையே கிடையாது. வண்டியில் வீட்டுக்காரர் இருவர், ஓட்டுகிறவன் ஒருவன். அவன் இருக்கைக்கு அடியில் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருக்கிறான் என்று கணவரிடம் சொன்னாள். அடுத்த வீட்டுக் குணமணியிடம் சொன்னாள். குணமணியிடம் சொல்வது என்பது தெருவில் தண்டோரா போடுவதற்குச் சமம் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அம்பிகைபாகன் எதையும் முறைப்படி செய்கிறவர். ஒருநாள் தேக்கா சந்தைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜமாலை இறக்கி, அவன் சோற்று மூட்டையை எல்லோரும் பார்க்க அவிழ்க்கச் சொன்னார். கறிக்கடைக்காரனும் பூக்காரியும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். உள்ளே சோறும் பருப்பும், ஓரத்தில் துண்டு மாங்காய் ஊறுகாயும் இருந்தன. ஜமால் அதைத் திரும்பக் கட்டினான். அன்று அவன் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. கருவாட்டை முன்னமே தின்று முடித்திருப்பான் என்று வள்ளிநாயகி தீர்மானித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவன் சட்டையில் அத்தர் தடவிக்கொண்டு வந்தான். நாற்றத்தோடு அத்தரும் கலந்தபோது அவளுக்கு இன்னும் மோசமாகக் குமட்டியது. மறைக்க ஏதோ இருக்கப் போய்த்தானே தடவுகிறான் என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதினாள்.

நாற்றம் போதாதென்று வண்டி கொதிக்கவும் ஆரம்பித்தது. கொஞ்சத் தூரம் ஓடியதும் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும், நடுத்தெருவில் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டுகிறாய் என்றார் அம்பிகைபாகன். தினமும் விடியும் முன்னே இருட்டிலேயே மூடியைத் திறந்து ஊற்றுகிறேன் என்றான் ஜமால். விசிறிப் பட்டையை மாற்றினார்கள், ரப்பர்க் குழாயை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கொதித்தால் வேலையும் கிடையாது அறையும் கிடையாது என்று கடைசியில் அவர் சொல்லிவிட்டார். வள்ளிநாயகிக்கு அது நியாயமாகவே பட்டது. கொட்டகை மேலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்போது மனம் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அடுத்த தடவை வண்டியில் ஏறியதும் மூக்கு அந்த உறுத்தலை அடக்கிவிடும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவிலும் வெள்ளிக்கிழமைப் பூசை தவறவில்லை. அம்பிகைபாகன் விடியற்காலையில் குளித்து, வீட்டு இலிங்கத்துக்குப் பாலும் தேனும் சந்தனமும் திருநீறும் அபிஷேகம் செய்து, வில்வம் சாத்தி, தீர்த்தத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மிச்சம் ஒரு செம்பு இருக்கும். அதைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது. ஊரில் என்றால் மரத்தடி இருந்தது. இங்கே முற்றம் முழுக்கச் சிமெந்து, வாசலில் மாட்டு மூத்திரம் ஓடும் கால்வாய். வள்ளிநாயகி முதலில் துளசித் தொட்டியில் ஊற்றினாள். எறும்பு மொய்த்துத் துளசி பட்டுப்போனது. அப்புறம்தான் மோட்டாரின் முகப்பில், பித்தளை மூடி போட்ட அந்த வாய் அவள் கண்ணில் பட்டது. வண்டியின் தண்ணீர்த் தொட்டி அது. யார் காலும் படாத உயரம். ஊற்றினது ஆவியாகி ஆகாயத்துக்கே போகிறது. கணவரிடம் கேட்டபோது, நல்ல யோசனை என்று மெச்சினார். அன்று முதல் வெள்ளிக்கிழமை நண்பகலில், ஜமால் ஜும்ஆ தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, குளிர்ந்து கிடக்கும் வண்டியின் மூடியைத் திருகி, சிவசிவா என்று செம்பைக் கவிழ்ப்பாள். வண்டியும் தாகமெடுத்த பிள்ளைபோல மடக்கென்று குடித்துவிடும். இத்தனை பெரிய மூக்கை வைத்திருந்தவளுக்கு இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தீர்த்தம் நாறும் என்று யார் நினைப்பார்கள்?

கம்பெனி நண்பர் பசுபதி சாங்கிக் கடற்கரையில் ஒரு வீடு கட்டி, ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். பட்டுச்சேலை கட்டி, பலகாரத் தூக்குச்சட்டியோடு புறப்பட்டார்கள். சிராங்கூன் சாலையையே தாண்டவில்லை. வண்டியின் வயிற்றுக்குள் கடமுடவென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த நிமிஷம் முகப்பு மூடியின் ஓரங்களிலிருந்து பழுப்பாக ஒரு நுரை பீறிட்டு, முன்கண்ணாடி முழுக்க வழிந்தது. அந்த நாற்றத்தில் வண்டியை ஒட்டி நடந்துபோன சீனக் கிழவர் ஒருவர் கையிலிருந்த விசிறியால் மூக்கை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். அம்பிகைபாகன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, இன்றோடு சரி என்றார். ஜமால் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி, நாலு கூலிகளைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சந்திலிருந்த அஹமது கபீரின் பட்டறையில் விட்டான்.

பட்டறை என்றால் நாலு தூணும் மேலே தகரமும். பெண்பிள்ளை இறங்கி நிற்கத் தோதான இடமில்லை என்று வள்ளிநாயகி பின்னிருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கக் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. கபீர் கைவேலையைவிட வாய்வேலை அதிகமுள்ள மனிதர். முதலில் தண்ணீர் பம்பு போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் பம்பு நன்றாக இருந்தது. பிறகு டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டி, முகப்பில் இருந்த தொட்டியின் மேல்பாகத்தைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்து, மறுபடி வைத்தார். அது சுடவில்லை. ஒரு சாண் தள்ளி எஞ்சின் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

எஞ்சினில் சூடான தண்ணீர் தொட்டிக்கு வந்து ஆறித் திரும்ப வேண்டும். இங்கே அது வரவேயில்லை, நடுவில் எதுவோ மறிக்கிறது என்று அவர் அம்பிகைபாகனுக்கு விளக்கினார். இந்த அமெரிக்க வண்டிகளில், எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் கழுத்தில் தெர்மோஸ்டாட் என்று ஒரு பித்தளைக் கதவு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை மூடியிருக்கும், சூடேறினால் தானாகத் திறக்கும். பனி பெய்கிற ஊருக்கு அது தேவை, இந்த வெக்கையில் எதற்கு என்று அமெரிக்கர்களை இரண்டு வசவும் வைதார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கழுத்தின் மரைகளைக் கழற்றினார்.

திறந்ததும் பட்டறை காலியானது. கபீரே இரண்டடி பின்னால் போய் நின்று, மேல்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார். தள்ளிக்கொண்டு வந்த கூலிகளில் ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். வள்ளிநாயகி கண்ணாடியை ஏற்றிக்கொண்டும் பயனில்லை. எச்சில் ஊறி வாய் நிறைந்தது. கபீர் இடுக்கியால் வெளியே எடுத்ததை அவள் பார்க்க விரும்பவில்லை, பார்த்தாள். பித்தளையே தெரியவில்லை. தீய்ந்த திரட்டுப்பால் போல மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ அப்பிக்கொண்டு, இழுத்தால் நூல் விட்டது.

கொதிக்கிற தேநீர்க் கெண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தகரக் குவளையில் ஊற்றி, கபீர் அதை உள்ளே போட்டார். கதவு திறக்கவில்லை. எடுத்துச் சுரண்டி, துடைத்து, மறுபடி போட்டார். மெதுவாக, சோம்பேறி கண் விழிப்பதுபோலத் திறந்தது. கதவில் பழுதில்லை, இந்தக் கண்ணராவிதான் அதை ஒட்டி மூடிவிட்டது என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மேலே ஒன்று சொன்னார். தொட்டியில் ஓட்டை விழுந்தால் முதலாளிக்குத் தெரியாமல் அடைப்பதற்கு டிரைவர்கள் முட்டை உடைத்து ஊற்றுவது வழக்கமாம். வெள்ளைக்கரு வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். இவனும் அப்படித்தான் கூடை கூடையாக ஊற்றியிருக்கிறான் என்றார்.

முட்டை! அம்பிகைபாகனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போகிற வண்டியில், சந்தனப் பொட்டு வைத்த வண்டியில் முட்டை. அவர் ஜமாலைப் பார்த்து, நாளைக்கே அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். அதோடு விடாமல், மோட்டார் வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிடப்போவதாகவும், இந்த ஊரில் அவன் இனி எந்த வண்டியையும் தொட முடியாது என்றும் சொன்னார். ஜமால், அல்லாஹ் மேல் ஆணையாக ஊற்றவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கபீர் அதற்குள் ஒரு கம்பியை வளைத்து, தொட்டியின் வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சளி சளியாக ஒரு கட்டி வந்து அம்பிகைபாகனின் காலடியில் சொத்தென்று விழுந்தது. அதன் நடுவில் ஓர் இலை இருந்தது. வெந்து கறுத்துப்போயிருந்தாலும், ஒரே காம்பில் மூன்று இதழ். வில்வம். முட்டையில் வில்வம் முளைக்காது.

வள்ளிநாயகி கண்ணாடிக்கு அருகே நகர்ந்து பார்த்தாள். பால், தேன், சந்தனம், திருநீறு. செம்பைக் கவிழ்த்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரிசையாக வந்து கண்முன் நின்றது. இத்தனை மாதமும் அவள் மூக்கைப் பொத்தியது அவள் கையால் ஊற்றியதற்குத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டையும் அவளே பங்கு வைத்திருக்கிறாள்.

கணவர் இலையைக் கண்டாரா என்று பார்த்தாள். கண்டார். குனிந்து உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் இரத்தமே இல்லை. இதோ சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் நிமிர்ந்து, கபீரையும் ஜமாலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சப்பாத்து நுனியால் அந்த இலையை மெல்லத் தள்ளினார். கால் படக்கூடாது என்று அவளுக்கு ஆயிரம் தடவை சொன்ன மனிதர். இலை சாக்கடையில் விழுந்தது. சப்பாத்தைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, எல்லாம் முட்டை நாற்றம்தான் என்றார்.

அந்தப் பட்டறையில் அதுவரை நாறியதெல்லாம் வள்ளிநாயகிக்கு ஒன்றுமில்லாமல் போனது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்த மனிதரைப் பார்த்து அவளுக்கு அருவருத்தது. அவர் உடுப்பு, அவர் திருநீறு, கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்த தினுசு, எல்லாமே குமட்டியது. கதவைத் திறந்து இறங்கினாள். பட்டுச்சேலையின் கரை எண்ணெய்ச் சேற்றில் புரண்டதை அவள் கவனிக்கவில்லை.

"அது முட்டையில்லை. எங்கட வீட்டுத் தீர்த்தம். நான்தான் வெள்ளிக்கிழமையிலை ஊத்தினனான்."

அம்பிகைபாகன் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "உமக்கு விசரே? நாலு பேருக்கு முன்னாலை என்ன கதை இது? போய் உள்ளை இரும்" என்றார்.

"நாலு பேருக்கு முன்னாலைதானே அவன்ரை சோத்தை அவிழ்க்க வைச்சியள்" என்றாள் அவள். "உந்த இலையை நீங்களும் கண்டியள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

கபீர் இருமினார். கூலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பிகைபாகன் ஆங்கிலத்தில் ஏதோ முனகினார். பிறகு, பெண்கள் தெரியாத்தனமாகச் செய்துவிடுவது உண்டு என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு, ஜமால் பழையபடி வேலையில் இருக்கலாம் என்றார். தப்புச் செய்தவனை மன்னித்துவிட்ட குரலில்தான் அதையும் சொன்னார். அவர் நல்ல குடியில் பிறந்தவர், அவ்வளவுதான் அவரால் முடியும்.

கபீர் அந்தக் கதவைத் திரும்ப வைக்கவேயில்லை. இந்த ஊருக்கு வேண்டாம் என்று ஜமால் கையில் கொடுத்துவிட்டார். ஜமால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தொட்டியைக் கழுவினான். வெளியே வந்த தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. வண்டி சோதனை ஓட்டம் போய்த் திரும்பியது. தொட்டி ஒழுங்காகச் சூடேறியது, கொதிக்கவில்லை. சாங்கிச் சாப்பாட்டுக்கு நேரம் தப்பிவிட்டது. அம்பிகைபாகன் கபீரோடு உள்ளே நின்றிருந்த சமயம் பார்த்து வள்ளிநாயகி ஜமாலிடம் போனாள். வாழ்நாளில் ஒரு டிரைவரிடம் அவள் இப்படிப் போய் நின்றதில்லை. தான் அவனைப் பற்றி நினைத்ததும் தெருவுக்கெல்லாம் சொன்னதும் பிழை என்றாள். நாற்றம் அவனுடையது என்றுதான் நம்பினேன் என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு மனது கொஞ்சம் இலேசானது. தான் நல்லவள்தான் என்றுகூடத் தோன்றியது.

அவள் சொன்னதையெல்லாம் ஜமால் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டான். கோபமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்தவன்போல இருந்தான்.

"பரவால்லம்மா. நானும் தப்பாத்தான் நெனச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஏறுனாத்தான் வண்டியும் கெளம்பும், நாத்தமும் கெளம்பும். உங்க ஆளுங்க ஒடம்பு வாசமே அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பாலும் நெய்யும் சாப்பிடுறவங்கல்ல. சொன்னா மனசு கஷ்டப்படும்னு மூஞ்சில காட்டிக்கல. அத்தரத் தடவிக்கிட்டுப் பொழுத ஓட்டிட்டேன்."

அவன் போய்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறினாள். அம்பிகைபாகனும் ஏறி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். கழுவிய வண்டியில் சவர்க்கார வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. வழியெல்லாம் அவள் ஜமாலின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று நான்கு மாதமாக அந்த முதுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, தன்னைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. சேலைத் தலைப்பால் கழுத்தையும் கையையும் இழுத்து மூடிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்து என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.